கணக்கில் ஏது கொசுறு

நாவலூர் அடுக்ககத்தில் மருமகள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தட்டில் கொட்டைகள் விழும் சத்தம் என்னை எழுபதுகளின் செங்கல்பட்டுக்கு இழுத்துப் போனது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஒரு வித்தை கற்றிருந்தேன். பதினொன்றிலிருந்து பத்தொன்பதுக்குள் எத்தனை புளியங்கொட்டை வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த எண்ணின் இரண்டு இலக்கங்களையும் கூட்டி, அத்தனையைக் கீழே வைத்துவிட்டால் கையில் எப்போதும் ஒன்பது மிஞ்சும்.

மார்க்கெட்டில் எலுமிச்சை விற்ற மாமா, "பாக்காம கரெக்டா சொல்லிட்டன்னா ஞாயித்துக்கெழம மகாபலிபுரம் இட்டுகினு போறேன்" என்றார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

மாமா கொட்டைகளை எடுத்து, கூட்டிக் கீழே வைத்ததும், திரும்பி நின்றபடியே "ஒன்பது" என்றேன்.

"எட்டுதான்டா கீது."

கீழே இருந்ததை எண்ணினேன். "பதினாலு எடுத்தீங்க. அஞ்சுதானே வெக்கணும்? ஆறு கீதே மாமா."

"அஞ்சு வெச்சா மேல ஒண்ணு கொசுறு போட வேணாமா? கை தானா போட்டுச்சி."

"கணக்குல ஏது மாமா கொசுறு?"

"அதான் உன் கணக்க எவனும் வாங்கல."

கெஞ்சியதும் இன்னொரு தடவைக்கு ஒப்புக்கொண்டார். இம்முறை கொசுறையும் கழித்து "எட்டு" என்றேன். மாமா கையை விரித்தார். ஒன்பது இருந்தது.

"நீதானேடா கொசுறு கூடாதுன்ன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் பிள்ளைகளை மட்டும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். நான் வீட்டில் உட்கார்ந்து பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒன்பதுதான் வந்தது.