பிளஸ் போஸ்டில் வைத்த பொட்டு

1. அலிபிரியிலிருந்து வந்த போன்

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நகரிப் பக்கம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடமும் நாலு கதை உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் முனிரத்னத்தின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் விஷயத்தையே எழுதிவிடுகிறேன்.

முனிரத்னம் டாக்சி டிரைவர், நாராயணவனத்துக்காரர். கார் அவருடையது இல்லை. சித்தூரில் டிராவல்ஸ் நடத்தும் பாஸ்கருடையது. பாஸ்கர் தன் வண்டிகளுக்கெல்லாம் என்னிடம்தான் பேட்டரி வாங்குவார். ஒரு நாள் காலை, கடை திறந்து ஊதுபத்தி ஏற்றும்போது முனிரத்னம் போன் செய்தார். திருமலைக்குப் போகும் பார்ட்டியோடு மலையடிவாரத்து அலிபிரி செக்கிங்கில் நிற்கிறாராம். சோதனைக்காக எஞ்சினை அணைத்தாராம், திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லையாம். வரிசையில் பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் சத்தம் என் காதிலேயே விழுந்தது.

"அண்ணா, வண்டி மறுபடியும் மக்கர் பண்ணுது. கொஞ்சம் வரீங்களாண்ணா?"

ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

2. நல்ல பேட்டரி, சரியில்லாத டிரைவர்

அந்தப் பேட்டரியை நான் விற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. விற்றபோது ஒரு குறையும் வைக்கவில்லை. வண்டிக்கு எத்தனை ஆம்பியர் வேண்டுமோ அதையே கொடுத்தேன். பேட்டரியைத் திருப்பி, தயாரித்த மாதத்தைக் காட்டி, பழைய ஸ்டாக் இல்லை என்று நிரூபித்தேன். வாரன்டி கார்டில் தேதி போட்டு சீல் வைத்தேன். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் கடை வழக்கப்படி பூஜை. சந்தனத்தைக் குழைத்துப் பேட்டரிக்குப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இடுவேன். மற்ற கடைகளில் மூடியின்மேல் வைப்பார்கள். நான் பிளஸ் போஸ்டின், அதாவது ஒயர் மாட்டும் ஈயக் குமிழின் தலையில் வைப்பேன். பேட்டரிக்கு அதுதான் நெற்றி என்பது என் கணக்கு. பார்க்க அழகாக இருக்கும், வாடிக்கையாளர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதன்மேல் ஒயர் முனையிலுள்ள கிளாம்பை இறக்கி முடுக்கி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் முனிரத்னம் வந்தார். ஒரு சமயம் வண்டி உடனே எடுக்கிறதாம், ஒரு சமயம் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதாம். கிளாம்பைக் கழற்றி, டெஸ்டர் கிளிப்பை இரண்டு போஸ்டிலும் மாட்டிப் பார்த்தேன். ரீடிங் பிரமாதம். திரும்ப மாட்டியதும் வண்டி ஒரே சாவியில் எடுத்தது. கண் பட்டிருக்கும் என்று புதிதாக இன்னொரு பொட்டும் வைத்து அனுப்பினேன்.

அவர் இரண்டாம் முறை வந்தபோது கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் விற்ற சரக்கின்மேல் அவர்கள் எதிரில் குறை சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் பெருமாள் படம், அதன்மேல் கடுகளவு பல்பு. அவரே ஒயர் இழுத்து மாட்டியது, ராத்திரி பகல் எரியும்.

"பேட்டரியத் துன்றதே இதான்யா. சாமி பேரச் சொல்லிக்கினு வண்டியக் கெடுத்து வச்சிருக்கிறே," என்றேன், எல்லாரும் கேட்கும்படி.

தினமும் ஓடுகிற டாக்சியின் பேட்டரியை அந்த பல்பு ஒன்றும் செய்யாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.  முனிரத்னம் என் கடைக் கத்தரியையே வாங்கி ஒயரை வெட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றினார். அவர் போனதும் பாஸ்கருக்குப் போன் போட்டு, பேட்டரி தங்கம், டிரைவர்தான் சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அந்த முறையும் கிளாம்பைக் கழற்றி, மறக்காமல் பொட்டு வைத்து மாட்டியிருந்தேன்.

3. கிளாம்புக்குள் இருந்தது

அலிபிரியில் வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். பார்ட்டி வேறு வண்டி பிடித்து மலைக்குப் போய்விட்டது. போவதற்கு முன் பாஸ்கருக்குப் போன் செய்து கத்தித் தீர்த்திருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பினால் 'டிக்'. ஆனால் ஹெட்லைட் எரிந்தது, பேட்டரி சாகவில்லை. பானட்டைத் தூக்கி பிளஸ் கிளாம்பைப் பிடித்தேன், கையோடு அசைந்து வந்தது. ஸ்பானர் போட்டுக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து இறுகின பொருக்கு. நான் வைத்த பொட்டுதான், ஒன்றின்மேல் ஒன்றாக.

மற்ற வண்டிகளில் கிளாம்ப் இறுக்கிக் கடித்துச் சந்தனத்தை வழித்துத் தள்ளிவிடும். இந்த வண்டியின் கிளாம்ப் பழசு, வாய் அகன்றது. அதை நான் மாற்றவில்லை. டெஸ்டரை போஸ்டில் மாட்டிப் பார்த்தேனே தவிர கிளாம்பில் மாட்டிப் பார்க்கவில்லை. கழற்றி மாட்டும்போதெல்லாம் பொருக்கு கொஞ்சம் உதிர்ந்து கரன்ட் போகும். ரோட்டில் குலுங்கினால் மறுபடியும் நிற்கும். பேட்டரி நல்லதுதான், நான் வைத்த பொட்டுதான் கரன்டை மறித்திருக்கிறது.

அப்போது பாஸ்கர் முனிரத்னத்தைப் போனில் கூப்பிட்டார். சாவியை ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ, இனி வரவேண்டாம் என்கிறார். முனிரத்னம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"இல்ல சார், பேட்டரிய ஒண்ணும் சொல்லக் கூடாது. அண்ணன் டெஸ்ட் பண்ணியே பாத்துட்டாரு. என் தப்பாத்தான் இருக்கும்."

நான் அந்தக் கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில் கூனிக்குறுகிப் போனேன். போனை வாங்கி, தப்பு என்னுடையது என்று பாஸ்கரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஏமண்ணா, பாவம் பாத்து அவனக் காப்பாத்துறீங்களா? டிரைவர் சரியில்லன்னு சொன்னதே நீங்கதானே?"

பொய் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய மனுஷர், உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. புதுக் கிளாம்ப் வாங்கி மாட்டிக் கொடுத்தேன், வண்டி பட்டென்று எடுத்தது. பழைய கிளாம்பைத் துடைக்காமல் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கே சித்தூர் போனேன். பாஸ்கர் பொருக்கை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். சந்தன வாசனை இன்னும் இருந்தது. நாலு பேர் முன்னால் பேசியதை நாலு பேர் முன்னாலேயே திருப்பி வாங்க வேண்டும் என்று, அங்கிருந்த டிரைவர்களைக் கூப்பிடச் சொல்லி அவர்களிடமும் சொன்னேன். முனிரத்னத்தின் வேலை தப்பியது.

4. டேப் சுற்றிய ஒயர்

தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டு வைப்பதானால் மூடியில் வையுங்கள். போஸ்டும் கிளாம்பும் வெறும் உலோகமாகத் தொட வேண்டும். உப்புப் பூத்திருந்தால் கிளாம்பைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து முடுக்குங்கள். அதற்குப் பிறகு வெளிப்பக்கம் வாசலின் தடவுங்கள். பேட்டரி தன் தட்டில் ஆடக் கூடாது. நாள்கணக்கில் நிற்கிற வண்டிக்கு மைனஸைக் கழற்றி வையுங்கள். இவ்வளவு பார்த்தாலே பேட்டரி உழைக்கும். வாடிக்கையாளர் குறை சொன்னால் முதலில் உங்கள் கை பட்ட இடத்தைப் பாருங்கள்.

போன மாதம் முனிரத்னம் டெர்மினல் கிளீன் பண்ண வந்தார். எப்போதும்போல அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். டாஷ்போர்டில் அந்த ஒயர் டேப்போடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"இப்டிக் குடு, நான் சேத்து வுடறேன். அது பேட்டரிய ஒண்ணும் பண்ணாது," என்றேன்.

அவர் மெதுவாக என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாண்ணா. மறுபடியும் எதனா ஆச்சுன்னா வேல போயிடும். கோயில்லயும் உள்ள இருட்டாத்தானே கீது? சாமிக்குப் பழக்கம்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தினமும் என் கடை வழியாகத்தான் மலைக்குப் போகிறார். ஹாரன் அடித்துக் கையைத் தூக்குவார். நானும் கையைத் தூக்குகிறேன், அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. டாஷ்போர்டைத்தான் பார்க்கிறேன். பல்பு இன்றைக்கும் எரியவில்லை.