சந்தன நிறம் என்று சொல்லிக் கொடுத்த பெயிண்ட்

என் தம்பியின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோதுதான் எங்கள் காரின் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். அதுவரை அது கிளம்புகிறதா என்று மட்டும்தான் பார்த்து வந்திருந்தேன். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த வெள்ளைக் கார். வெயிலில் நின்று நின்று கூரையில் தோல் உரிந்து, பானட் முழுக்கத் தேமல் படர்ந்து, பின்கதவின் ஓரத்தில் துருப் பிடித்திருந்தது.

"எங்க சொந்தக்காரங்க அத்தன பேரும் நிக்கற மண்டபத்துல இதுல போயி எறங்கோணுமாங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"வண்டிக்கு என்ன, நல்லாத்தான ஓடுது" என்றார். அவருக்கு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன மில்லில் வேலை. உலகத்தில் உள்ள பொருள்களை ஓடுபவை, ஓடாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர்.

இருந்தாலும் ஒரு பெயிண்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுக்கு ஆகற செலவுல வேற வண்டியே புடிச்சுப்போடலாமுங்க" என்றார். கல்யாணச் சீருக்கே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் பேசவில்லை. அவர் பேசாமல் வந்தால் எதையோ இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னார். "நாமளே அடிச்சுப்போடலாம் அம்மிணி."

மில் விட்டு வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். முதல் இரண்டு நாள் நான் வேடிக்கைதான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவரால் சோற்றுக் கையை வாய் வரைக்கும் தூக்க முடியவில்லை. பாவமாக இருந்தது, நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். தேய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, சின்னக் கார் என்று சொல்வதெல்லாம் ஏறி உட்காருகிறவர்களுக்குத்தான். தேய்க்கிறவளுக்கு அது லாரி. ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் நான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் எதிரெதிரே நின்று பேசியதில்லை. பெரும்பாலும் யார் பக்கம் வழவழப்பாக இருக்கிறது என்ற சண்டைதான்.

பெயிண்டுக்கு வழி சொன்னது என் கொழுந்தன். வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். அவரிடம் வண்டிக்கு அடித்து மீந்த பெயிண்ட் இருந்தது. கம்ப்ரசரும் தருவதாகச் சொன்னார்.

"என்ன கலருங்க தம்பி?" என்று போனை வாங்கிக் கேட்டேன்.

"சந்தனக் கலருங்க நங்கையா." எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சந்தனம் என்றதும் எனக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பொருத்தமான நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணாடிகளுக்கெல்லாம் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டு டப்பாவைத் திறந்தோம். உள்ளே இருந்தது சந்தனம் இல்லை. பத்து வயல் தள்ளி நின்றாலும் கண்ணில் குத்துகிற மஞ்சள். போர்வெல் வண்டிக்கு அடிக்கிற அதே மஞ்சள்.

"காயக் காயக் கொறஞ்சிரும்" என்றார் வீட்டுக்காரர்.

வேறு பெயிண்ட் வாங்க வழியில்லை. அடித்தோம். முதல் பூச்சு கொஞ்சம் வழிந்தது. இரண்டாம் பூச்சு, உண்மையைச் சொன்னால், அழகாகவே விழுந்தது. பெயிண்ட் பீய்ச்சும் கன்னைக் கீழே வைத்துவிட்டு இருவரும் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ரோட்டில் கறிக்கோழி ஏற்றிய வண்டி போனது. எங்கள் ஊரில் அது காக்கை பறப்பது மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அன்றைக்குக் காற்று எங்கள் பக்கமாக வீசியது. வெள்ளை வெள்ளையாகச் சிறகுகள் மிதந்து வந்து, ஈரம் காயாத பானட்டில் அவசரமே இல்லாமல் உட்கார்ந்தன.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஒரு சிறகு உள்ளே போய்விடும் போலிருந்தது, மூடிக்கொண்டார். நான் சிரித்து, சிரிப்பை அடக்கமுடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். "சிரிக்காத புள்ள" என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். பிறகு புருவம் திருத்துகிற இடுக்கியை எடுத்து வந்து, பொழுது சாயும்வரை ஒவ்வொரு சிறகாகப் பிடுங்கினோம். பிடுங்கிய இடமெல்லாம் கோழித்தோல் மாதிரியே சொரசொரப்பு விழுந்தது. மஞ்சள் காயக் காயக் குறையவும் இல்லை. கூடிக்கொண்டே போனது.

கல்யாணம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பக்கத்தில் இருந்து செய்யவேண்டிய சீர் அது. நான் இல்லாமல் நடக்காது. பட்டுச்சேலை, நகை, தலை நிறையப் பூ என்று மஞ்சள் காரில் ஏறி உட்கார்ந்தேன். ராசிபுரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளர் கைக்கு வருவதற்குள் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் கார் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, ரிக்கு வண்டி எங்க நிக்குதுங்க?"

"நாங்க ரிக்கு இல்லீங்க. கல்யாணத்துக்குப் போறோமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

பச்சைத் துண்டுக்காரர் பானட்டைப் பார்த்தார். என் நகையைப் பார்த்தார். "ஓனருங்களா? நல்லதாப் போச்சு. நம்ம காட்டுல நாப்பது தென்னைங்க. கெணறு வறண்டு மட்டையெல்லாம் தொங்கிருச்சு. ஓரெட்டு வந்து பாத்துப்போட்டுப் போங்க. இந்தா, பக்கத்துலதான்."

என் போன் அடித்தது. தம்பி. "அக்கா, எங்க வார? இங்க அய்யரு கேக்கறாரு."

"வந்துட்டே இருக்கேன் சாமி" என்றேன். வண்டி நின்றுகொண்டிருந்தது.

இல்லை என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தென்னைக்காரர் ஜன்னலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். எதைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. வந்து கொழுந்தனுக்குப் போன் போட்டு, போனைத் தென்னைக்காரரிடம் கொடுத்துப் பேச வைத்தார். கொழுந்தன் வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலை இதுதான் என்று வாக்குக் கொடுத்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணையில் தம்பி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்க அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வெளிய யாரோ போர்வெல் வண்டிய நிறுத்தியிருக்காங்களாம்க்கா, மண்டபத்துல தண்ணி இல்லையான்னு எல்லாரும் கேக்கறாங்க" என்றான். நான் குனிந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

கொழுந்தன் சொன்னபடியே போய் போர் போட்டார். கடவுள் புண்ணியத்தில் தண்ணீர் வந்தது. அடுத்த வாரம் அந்தத் தென்னைக்காரர் எங்கள் வீட்டைத் தேடி, ஒரு சாக்கு இளநீரோடு வந்தார். போர் போட்டவர் திருச்செங்கோட்டில் இருக்கிறார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "அவருக்குச் செய்யறத செஞ்சாச்சுங்க. இது வண்டிக்கு" என்று சொல்லி, பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறத்தை மாற்றி எழுதி வாங்கியாகிவிட்டது. வேறு பெயிண்ட் அடிக்கலாமா என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அந்த உப்புத்தாளை நினைத்ததும் எனக்குத் தோள் வலித்தது. போன மாதம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போயிருந்தேன். நெரிசலில் காருக்குள் காத்திருந்தபோது ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஏங்கா, போர் போட அடிக்கு எவ்வளவு வரும்?" என்றார்.

"எந்த ஊருங்க? பாறையா, மண்ணா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்றே எனக்கு உறைத்தது.