புதன்கிழமைப் பருப்பு

விடுதியில் அவளுக்கு மூக்கி என்று பெயர். எதையும் ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள். வீட்டில் இல்லாத பழக்கம் இது. பதினொன்றாம் வகுப்பில் விடுதிக்கு வந்த மூன்றாம் நாள், பருப்பில் கிடந்த கரப்பான் காலை மிளகாய்த் தோல் என்று நினைத்துக் கடித்துவிட்டாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. அதற்குப் பிறகு மூக்குதான் அவளுக்குக் காவல்.

பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஆளுக்கொரு ப்ராஜெக்ட். நிஜமான ஆட்களுக்கு இருக்கும் நிஜமான சிக்கலைப் புரோகிராம் எழுதித் தீர்க்க வேண்டும் என்பது விதி. வகுப்பில் இருந்த முப்பத்துநான்கு பேரில் முப்பத்தொரு பேர் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் புரோகிராமையே எடுத்தார்கள். முந்தின வருடத்து அக்காக்களிடமிருந்து பென்டிரைவில் கைமாறி வந்த சரக்கு. ஒருத்தியின் முதல் திரையில் பழைய அக்காவின் பெயரே அழியாமல் இருந்தது. கம்ப்யூட்டர் சார் கண்டும் காணாததுமாகக் கையெழுத்துப் போட்டார். அந்தத் திரைகளைப் பார்க்கும்போது, யாரோ சாப்பிட்டு வைத்த எச்சில் தட்டில் தன்னையும் சாப்பிடச் சொல்வதுபோல மூக்கிக்கு இருந்தது.

அவள் விடுதிச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டாள். என்றைக்கு, எந்த வேளை, எதில், என்ன கிடந்தது என்று பதிவு செய்யும் புரோகிராம்.

"உனக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை? நீயும் லைப்ரரியே பண்ணிட்டுப் போயேன்" என்றார் சார்.

"நிஜமான ஆளுங்களுக்குப் பண்ணணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. ஹாஸ்டல்ல நூத்தியிருபது பேர் இருக்கோம்."

சார் தலைப்புப் பட்டியலில் அதை எழுதிக்கொண்டார்.

வேலை அவள் நினைத்ததைவிட இழுத்தது. விடுதிப் பெண்களிடமிருந்து முதல் வாரத்திலேயே அறுபது பதிவுகள் வந்தன. உட்கார்ந்து பார்த்தால், ஒரே மேசையில் சாப்பிட்ட ஆறு பேர் ஒரே புழுவை ஆளுக்கொரு தடவை எழுதியிருந்தார்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒரு வேளையில் ஒரு பதிவுதான் என்று மாற்றினாள். பிறகு தேதி தகராறு செய்தது. அதை எண்ணாக இல்லாமல் எழுத்தாகச் சேமித்திருந்ததால் பத்தாம் தேதி இரண்டாம் தேதிக்கு முன்னால் போய் நின்றது. அதைச் சரிசெய்ய மட்டும் நான்கு நாட்கள் ஆயின. கடைசியில் கிழமை வாரியாகக் கூட்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் புதன்கிழமையில் வந்து விழுந்தன. ஏன் என்று அறைத்தோழிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். புதுச் சாமான் வருவது வியாழக்கிழமை. புதன்கிழமை மூட்டையின் அடியைச் சுரண்டித்தான் பருப்பு வேகும்.

மூக்கி சாமான் அறையை எட்டிப் பார்த்தாள். மூட்டைகளின் அடி ஈரத்தில் கறுத்திருந்தது. பருப்போடு பருப்பாக எலிப்புழுக்கை. அன்று முழுவதும் அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

வெளிப்பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்ததும் ஒரு புதன்கிழமையில்தான். மதியம் அவருக்கு விடுதியிலிருந்து மூடி போட்ட தட்டில் சாப்பாடு போனது. அதைத் தடுக்கலாமா என்று மூக்கிக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தலைமையாசிரியை பக்கத்திலேயே நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவள் முறை வந்தபோது தேர்வாளர் ஏப்பம் விட்டபடி திரையைப் பார்த்தார். பட்டியலை மேலும் கீழும் ஓட்டினார்.

"இதெல்லாம் மாதிரிக்குப் போட்ட டேட்டாதானேம்மா?"

"இல்ல சார். எல்லாம் நாங்க சாப்பிட்டது."

கிழமை வாரியான பக்கத்தைத் திறந்தார். புதனுக்கு நேரே இருந்த எண்ணில் விரலை வைத்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ஆளே மாறி, தேதியை ஏன் அப்படிச் சேமித்தாய், ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் என்ன செய்வாய், எப்படிச் சோதித்தாய் என்று துருவித் துருவிக் கேட்டார். மூக்கி ஒன்றுக்கும் தடுமாறவில்லை. முழு மதிப்பெண் போட்டார்.

போகும்போது வாசலில் தலைமையாசிரியையிடம் கை கூப்பி, "சாப்பாடு ரொம்பப் பிரமாதம் மேடம்" என்றார். மூக்கி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். புழுக்கையைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அப்படிக் குமட்டவில்லை.

அதோடு விட்டார்களா? முழு மதிப்பெண் வாங்கிய ப்ராஜெக்ட் என்று பெற்றோர் கூட்டத்தில் காட்ட முடிவானது. தலைப்பை 'மாணவியர் திருப்திப் பதிவேடு' என்று மாற்றினார்கள். பழைய பதிவுகளை எடுத்துவிட்டு நல்லதாக நாலு போடச் சொன்னார் தலைமையாசிரியை. மூக்கி மாட்டேன் என்றாள். கம்ப்யூட்டர் சாரே உட்கார்ந்து அடித்தார். நன்று, நன்று, மிக நன்று. திரை முழுக்க அதுதான். கீழே மூக்கியின் பெயர். அரங்கமே கைதட்டியது. பஸ் கண்டக்டரான அவள் அம்மா, லீவு போட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

கூட்டம் முடிந்து அம்மா கட்டிக்கொள்ள வந்தபோது, மூக்கி மடித்து வைத்திருந்த நிஜப் பட்டியலை நீட்டினாள். அம்மா நின்ற இடத்திலேயே கடைசி வரி வரை படித்தாள்.

"இதையாடி தின்னுட்டுக் கெடந்த? போன்ல ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னேம்மா. மார்க் வாங்குற வழியப் பாருன்னுட்ட."

அம்மா சட்டென்று திரும்பினாள். அங்கிருந்த மற்ற தாய்மார்களிடம் தாளைக் கொடுத்தாள். ஏழெட்டுப் பேராகத் தலைமையாசிரியையின் அறைக்குள் போனார்கள். கதவு சாத்தியிருந்தும் அம்மாவின் கண்டக்டர் குரல் மைதானம் வரை கேட்டது. மறுநாள் மூட்டைகளை வெளியே எடுத்துக் கொட்டினார்கள், சாமான் அறையைக் கழுவினார்கள். சாப்பாடு ஓரளவு சாப்பாடாக ஆனது.

ஆனால் மூக்கிக்கு அந்தக் கைதட்டல் செரிக்கவே இல்லை. பள்ளி கொடுத்த சான்றிதழில் அந்தத் திருப்திப் பதிவேடு என்ற தலைப்புதான் தங்க எழுத்தில் இருந்தது. அம்மா அதற்குச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டாள். என்ன இருந்தாலும் மார்க் மார்க்தானே என்பது அம்மாவின் கட்சி. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறாள்.