குதிரையைக் கொல்ல உத்தரவு

திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஜெகதீஸ்வரி, சிறுவர்களுக்கு மாயக்கதைகள் எழுதுபவர். அவருடைய புதிய கதையில் பறக்கும் மண்குதிரை ஒன்று, ஊருக்கு மழை வேண்டிக் கடைசி அத்தியாயத்தில் உயிரை விடுகிறது. அது தியாகத்தின் குறியீடு என்று அவருக்கு ஏகப் பெருமை.

ஆதார் நகல் எடுக்க வந்த அய்யனார் கோயில் பூசாரி மாரிக்கண்ணன், மேசையில் கிடந்த கதைத் தாளைப் படித்துவிட்டுப் பதறினார்.

"ஏத்தா, இது நம்ம அய்யனார் குதிரைல்ல? இதக் கொன்னுட்டா அவுக எதுல வேட்டைக்குப் போவாக?"

"அது சும்மா குறியீடுண்ணே."

"என்னமோ இருக்கட்டும். அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

தமிழ் இலக்கியம் அதுவரை கண்டிராத அந்த விசாரணை, வெள்ளிக்கிழமை காலை கோயிலில் நடந்தது. வெள்ளைப் பூ வந்தால் குதிரை சாகலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டார்கள். ஒரு சிறுமி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது.

"உத்தரவு குடுத்துட்டாக. கொன்னுரு தாயி" என்றார் பூசாரி, கண் கலங்க.

ஜெகதீஸ்வரி அண்ணாந்து பார்த்தார். மழைக்காகத் தன் ஒரே குதிரையையும் கொடுக்கச் சம்மதித்த சாமி, மீசை துடிக்க உட்கார்ந்திருந்தது. குறியீடு என்ற சொல் அதன் பிறகு அவர் வாயில் வரவில்லை.

அன்றே கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதினார். அதில் மழை கொட்டுகிறது. குதிரை பிழைத்துவிடுகிறது. அதன் பிடரியைத் தடவிக்கொண்டே, அய்யனார் நனைந்தபடி கூடவே நடந்து வருகிறார்.