மஞ்சள் கோடு காட்டிய இடம்

கண்ணாடிப் பேப்பரை மடிக்கும்போது ஒரு சரசரப்பு வரும் பாருங்கள்... அதோடு கூடவே கீபோர்டு தட்டும் சத்தம். சூலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் முன்பெல்லாம் இரண்டும் சேர்ந்துதான் கேட்கும்.

நான் கல்யாணங்களுக்குச் சீர்த்தட்டு அலங்காரம் செய்பவள். எனக்குப் பாய். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுபவர். அவருக்கு ஜன்னலோர மேஜை. போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவர் எனக்காகச் செய்த ஒரு சின்ன வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆர்டரெல்லாம் நோட்டில்தான் எழுதுவேன். மேலே கல்யாண வீட்டின் பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளி ஒவ்வொரு தட்டும். இன்னும் தள்ளி, அந்தத் தட்டில் என்னென்ன வைக்க வேண்டும் என்பது.

அதே மாதிரி கம்ப்யூட்டரில் எழுத அவர் ஒரு எடிட்டர் செய்து கொடுத்தார். வெறும் எழுத்துதான், வேறு ஒன்றும் கிடையாது. முதல் வரியில் என் பெயரை அவரே அடித்து வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் அனுப்பும் மாடல் போட்டோவை மவுஸால் பிடித்து இழுத்து வந்து வரிமேல் விட்டால், அங்கே ஒரு லிங்க் உட்கார்ந்துவிடும். லிங்க்கைத் தொட்டால் போட்டோ திறக்கும்.

நன்றாகத்தான் இருந்தது... கருமத்தம்பட்டிக் கல்யாணம் வரைக்கும்.

அங்கே போய்த் தட்டுகளைப் பிரித்து வைத்தேன். பெண்ணின் அம்மா தேங்காய்த் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க அம்மணி, நாங்க மயிலு கேட்டமுங்களே. இது கிளியால்ல இருக்குது?”

கிளி கேட்டது மேட்டுப்பாளையத்துக்காரர்கள். அவர்களுக்கு அடுத்த வாரம்தான் கல்யாணம். இரண்டு ஆர்டரும் எடிட்டரில் அடுத்தடுத்து இருந்தன. போட்டோவை நான் ஒரு வீட்டில் விட, அது இன்னொரு வீட்டில் விழுந்திருக்கிறது. லிங்க்கில் பெயருக்குப் பதில் வெறும் நம்பர். பார்த்தாலும் தெரியாது.

அந்தம்மா நல்ல மனுஷி. “கிளியும் பறவதானுங்க, உடுங்க” என்று சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

“இனி இந்தப் பொட்டி எனக்கு வேண்டாமுங்க. என்ற நோட்டே போதும். படிச்சவங்க சமாச்சாரம் இது.”

அவர் முகம் சுருங்கிப்போனது. எத்தனையோ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதியதில் நான் கைவைத்தது இது ஒன்றுதான்.

“தப்பு என்ற மேலதான் அம்மணி, உன்ற மேல இல்ல. மேட்டுப்பாளையத்து வேலை முடியட்டும். அதுலயும் தப்புனா நானே கடைக்குப் போயி நோட்டு வாங்கியாறேன்.”

சரி என்றேன். அரை மனசுதான்.

இரண்டு நாள் என்னென்னவோ மாற்றினார். விட்டதும் ஒரு சத்தம் வரும்படி செய்தார். வரியைப் பெரிதாக்கினார். நான் இழுத்து விடுவேன், அது பக்கத்து வரியில் போய் விழும். “இன்னொருக்கா” என்பார். விழும். இரண்டு பேருக்கும் சலிப்பு.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மல்லிகாக்கா ஒத்தாசைக்கு வந்திருந்தார். முடித்த தட்டுகளை அவர் தூக்கிவர, நான் பாயில் உட்கார்ந்து வரிசை வைத்தேன். எங்கே இறக்க வேண்டுமோ அங்கே உள்ளங்கையால் தட்டிக் காட்டுவது என் வழக்கம்.

“அக்கா, இங்கீங்க... என்ற கை இருக்கற எடத்துல.”

“கையை எடு கண்ணு, நசுக்கிப்போடுவேன்.”

ஜன்னலோர மேஜையிலிருந்து என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு அம்மணி தரையைத் தட்டித் தட்டிக் காட்டுற? அவங்களுக்குக் கண்ணு தெரியாதா?”

“தட்டைத் தூக்கிட்டு வாரவங்களுக்குக் கீழ எங்கீங்க தெரியும்? தட்டே மறைச்சுப்போடுது. எறக்கறதுக்கு முன்னால எடத்தைக் காட்டோணுமுங்க. எறக்குனதுக்கப்புறம் காட்டி என்ன பண்ண?”

டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கீபோர்டுப் பக்கம் திரும்பிவிட்டார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியதுதான் மிச்சம்.

சாயங்காலம் கூப்பிட்டார். “இப்ப இழு.”

முன்பெல்லாம் போட்டோவை இழுத்தால், அது பெரிசாகக் கூடவே வந்து கீழே உள்ள எழுத்தை மறைக்கும். இப்போது நகம் அளவுக்குச் சுருங்கி ஓரமாக வந்தது. போகிற இடமெல்லாம் வரிக்கு வரி ஒரு மஞ்சள் கோடு... இங்கே விட்டால் இங்கே விழும் என்று. கொஞ்சம் வலது பக்கம் தள்ளினால் கோடும் உள்ளே தள்ளிப் போனது. விட்டேன். கோடு இருந்த இடத்திலேயே விழுந்தது. நம்பருக்குப் பதிலாக, மேலே இருந்த வீட்டின் பெயரையே லிங்க் எடுத்துக்கொண்டது.

“மல்லிகாக்காளுக்குக் காட்டுனியே, அதேதான்” என்றார்.

மேட்டுப்பாளையத்தில் கிளி கிளியாகவே போய்ச் சேர்ந்தது. நோட்டு வாங்க அவர் கடைக்குப் போக வேண்டிய வேலை வரவில்லை.

இப்போது போனிலேயே என்னென்னவோ வந்துவிட்டது. சொன்னாலே எழுதிக்கொள்கிறதாம். நான் இன்னும் அந்த எடிட்டரில்தான் ஆர்டர் எழுதுகிறேன். முன்னறையில் கண்ணாடிப் பேப்பர் சத்தம் மட்டும்தான்... அதுவும் பழகிவிட்டது. தை மாதம் முழுக்க வேலை இருக்கிறது. மல்லிகாக்கா வருகிறார். குறை ஒன்றுமில்லை.

நேற்று வேலை முடிந்து என் வீட்டுக்காரர் போட்டோ ஒன்றை எடிட்டரில் இழுத்துப் பார்த்தேன். எந்த வரியில் வைப்பதென்று முடிவு செய்யவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன்... கோடும் அலுக்காமல் கூடவே வந்து ஒவ்வொரு இடமாகக் காட்டியது.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் பெயருக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, விட்டேன்.