சதுப்பில் கரையாத பிண்டம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், வட ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் அகதிகள் விடுதியில் இருந்தேன். பக்கத்து அறை இளைஞனின் தாயார் யாழ்ப்பாணத்தில் காலமானார். ஒரே மகன்; கொள்ளி வைக்கவும் போக இயலவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியையாவது தன் கையால் முடிக்க வேண்டும் என்பதே அவனுக்கு மிஞ்சிய ஆசை. ஊரிலென்றால் பிண்டம் கரைக்கக் கீரிமலைக் கடல் இருந்தது. இங்கே ஆறோ, மாவட்ட எல்லைக்கு அப்பால் ஓடியது. புகலிட வழக்கு முடியும்வரை அனுமதியின்றி நாங்கள் எல்லை தாண்டலாகாது. அனுமதி கேட்பதற்குக் அலுவலகத்தில் கிடைத்த ‘டெர்மின்’, அதாவது சந்திப்பு நாளோ, அந்தியேட்டி கழிந்த பிறகுதான்.

எல்லைக்குள் இருந்த நீர், இயற்கைக் காப்பகமான சதுப்பு நிலத்துக் குளம் ஒன்றே. "இதுவும் தண்ணிதானே ஐயா," என்றான். குருக்கள் இல்லாத இடத்தில் பதிகம் பாடத் தெரிந்த நான் போதுமென்று இருவரும் புறப்பட்டோம்.

கார்த்திகைக் காலை. இலையுதிர்த்த மரங்கள் கணுக்கால் நீரில் நின்றன. தெற்கே செல்லும் பெருங்கொக்குகளின் குரல் மேகத்துக்குள் கேட்டது. பலகைப் பாதையின் முடிவில், தேயிலைச் சாயம் போன்ற நீர் அசைவற்றுக் கிடந்தது. அவன் முழந்தாளிட்டுப் பால் வார்த்து, எள்ளுடன் பிசைந்த சோற்றுப் பிண்டத்தை நீரில் விட்டான். நான் பாடினேன். வினை கழுவும் தீர்த்தங்களையே வாழ்நாளெல்லாம் பாடியவன். இந்த நீரோ எதையும் கொண்டு செல்வதாயில்லை. ஒரு முழ ஆழத்தில், விட்டது விட்டபடியே பிண்டம் தெரிந்தது.

"கரையுதில்லையே ஐயா. அம்மா இதுக்குள்ளயே நிண்டிடுவாவோ?"

நான் வாய் திறக்குமுன் காப்பகத்தைக் கண்காணிக்கும் பெண்மணி வந்துவிட்டார். கடிந்து பேசவில்லை. வானத்தையும் காலடிப் பாசியையும் காட்டி, இந்நிலம் மழையை மட்டுமே உண்டு வாழ்வது, சோறும் பாலும் இதற்கு நஞ்சு என்றார். அவன் தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் தாயைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் சொன்னான். கேட்டவர், பிண்டத்தை எடுத்துத் தந்தால் தாமே ஆற்றில் சேர்ப்பதாகச் சொன்னார். அவனை ஏற்றிச் செல்ல இயலாது. வழியில் பிடிபட்டால் அவன் வழக்குக்கே கேடு.

முழங்கைவரை நனைந்து பிண்டத்தை எடுத்து, அவர் கையில் கொடுத்தான். வண்டி புறப்பட்ட பிறகுதான் நினைவு வந்தது அவனுக்கு.

"ஆத்தில விட்டிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேணுமெண்டு அவவுக்குச் சொல்லேல்லையே ஐயா."

அந்த விதி மகனுக்கே உரியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவனோ வண்டி மறைந்த திசையையே பார்த்தபடி நின்றான். நான் சொல்லவில்லை.