எல்டா ஷெராமி கமிஷனர் தேர்தலில் நின்ற கதை

எல்டா ஷெராமியைத் தேர்தலில் நிற்கும்படி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

எங்கள் கால்வாய்க்கரைக்கு அவர்தான் மாவட்டக் கவுன்சில் உறுப்பினர். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, ரோட்டில் செத்துக் கிடக்கும் நாய் என்று எதற்கும் அவருக்குத்தான் போன் போகும். பெரிய புயலுக்குப் பிறகு ஜனங்கள் அவரிடம் கடிதங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கூரை பறந்த வீட்டுக்கு இழப்பீடு தரவேண்டிய கம்பெனி திவாலாகிவிட்டது என்று ஒருவருக்கு வந்திருக்கும். இந்தப் பகுதியில் இனி பாலிசி கிடையாது என்று இன்னொருவருக்கு. இன்சூரன்ஸ் இல்லாத வீட்டைக் கடன் கொடுத்த வங்கி சும்மா விடாது. எல்டா எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"இது கவுன்சில் கையில இல்ல. இத பேட்டன் ரூஜ்ல இருக்கற இன்சூரன்ஸ் கமிஷனர்தான் பாக்கணும்."

ஒருநாள் என் ஐஸ் கடை வாசலில் டூயி வெர்டின் அவரை மறித்தார். நாற்பது வருடம் இறால் பிடித்த மனிதர். பாதி இடிந்த வீட்டைச் சரிசெய்ய வழியில்லாமல் முந்தின வாரம்தான் மொத்தமாக இடித்திருந்தார்.

"அப்ப நீ எதுக்கு இருக்க, எல்டா? செத்த நாயப் பொறுக்கவா?"

பதினைந்து நாளில் டூயி மனைவியைக் கூட்டிக்கொண்டு வடக்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் வண்டி கிளம்பிய மறுநாள் எல்டா மாநிலத் தலைநகரமான பேட்டன் ரூஜுக்குப் போய், கமிஷனர் பதவிக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் மாநிலத்தில் அந்தப் பதவிக்கும் ஓட்டுப் போட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார் அவர் கணவர் அல்சீட். "நம்ம கூரையிலேயே இன்னும் நீலத் தார்ப்பாய் கெடக்கு."

"அதுக்குத்தான் நிக்கறேன்."

ஓட்டுக் கேட்டு மாநிலம் முழுக்கச் சுற்ற எல்டாவின் கார் தாங்காது என்பதால் என் பிக்கப் வண்டியில் போனோம். அந்தக் கோடை முழுக்க நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சட்டப் புத்தகம் படிப்பார். எதிரே நின்றவர்களில் ஒருவர் முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வாதாடிய வக்கீல். எந்த ஊர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தாலும் டிவியில் அவர் முகம்தான்.

பைன் காடுகள் நிறைந்த வடக்குப் பக்கம் ஒரு சங்கத்தின் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் பேச எல்டாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். புயல் செலவை மாநிலம் முழுக்கப் பங்கு போட்டுச் சுமக்க வேண்டும் என்று அவர் பேசி முடித்ததும் ஒரு மர வியாபாரி எழுந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க ஊரு கடலுக்குள்ள எறங்கிட்டிருக்கு. அதுக்கு நாங்க ஏன் பிரீமியம் கட்டணும்?"

"ஒங்க வீட்டுல எரியற கேஸு எங்க ஊரு வழியாத்தானே வருது?"

"அதுக்குக் காசு குடுத்துட்டுத்தானே எரிக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்டாவும் சிரித்தார். வண்டியில் ஏறியதும், "அவன் சொல்றதும் நியாயந்தான். அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

அவருக்கு நம்பிக்கை இருந்த இடம் ஒன்றே ஒன்று. டூயி போன ஊரில் எங்கள் கரையிலிருந்து போன குடும்பங்கள் நாற்பது இருந்தன. பாதிப் பேர் எல்டாவின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். டூயி மகளின் வீட்டு முன்னால் கூட்டம் போட்டோம். டூயி பெரிய அண்டாவில் எங்கள் கரையின் இறால் குழம்பான கம்போ காய்ச்சியிருந்தார். வந்தவர்கள் எல்டாவைக் கட்டிப்பிடித்தார்கள், பிள்ளைகளைக் காட்டினார்கள், யார் யார் இன்னும் கரையில் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். இன்சூரன்ஸ் பற்றி எல்டா பேச ஆரம்பித்ததும் எல்லோரும் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

டூயிதான் வாயைத் திறந்தார். "எல்டா, ஒளிக்காமச் சொல்லு. நீ ஜெயிச்சா இந்தப் பக்கம் பிரீமியம் ஏறுமா?"

"கொஞ்சம் ஏறும், டூயி. எல்லாருமாச் சேந்து சொமந்தாத்தான் அங்க இருக்கறவங்க தாங்க முடியும்."

"நாங்க ஒருதடவ ஓடி வந்தாச்சு. இதுக்கு மேல எங்க ஓடறது?"

"பொய் சொல்லியிருக்கலாமே, மிஸ் எல்டா" என்றேன் திரும்பி வரும் வழியில்.

"அவன்கிட்டயா?" என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஓட்டுப் பதிவு. மூன்று பேரில் எல்டா மூன்றாவதாக வந்தார். வக்கீல் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி முதல் சுற்றிலேயே ஜெயித்துவிட்டார். எங்கள் கரையில் அநேகமாக எல்லோரும் எல்டாவுக்குத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் போடுவதற்கே இருநூறு பேர்கூட மிச்சமில்லை. டூயியின் ஊரில் தனக்கு விழுந்த ஓட்டை எல்டா போனில் தனியாகத் தேடிப் பார்த்தார். பதினான்கு.

"அன்னிக்கு கம்போ சாப்பிட எத்தன பேரு வந்தாங்க, க்ளோவிஸ்?"

"எண்ணல" என்றேன். எண்ணியிருந்தேன். பெரியவர்கள் மட்டும் அறுபத்தொரு பேர்.

அடுத்த வசந்தத்தில், பழைய வாடிக்கையாளர்களைக் கம்பெனிகள் இஷ்டம்போல் கழற்றிவிட வழிசெய்யும் மசோதா சட்டசபைக் குழுவின் முன் வந்தது. எல்டா பேசுவதற்குப் பெயர் கொடுத்தார். மறுபடியும் நான்தான் ஓட்டிப்போனேன். மதியம்வரை காக்கவைத்து, இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். டூயியின் வீடு இடிந்த கதையை அவர் பாதி சொல்வதற்குள் மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. "நன்றி, மேடம்" என்றார் குழுத் தலைவர். ஓட்டெடுத்தார்கள். ஒருவர் தவிர எல்லோரும் ஆதரவு.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்தோம். எல்டா கையில் வைத்திருந்தாரே ஒழியச் சாப்பிடவில்லை.

"அடுத்த வருஷம் நம்ம வார்டப் பக்கத்து வார்டோட சேத்துடறாங்களாம்" என்றார். "ஆளு இல்லையாம். என் சீட்டும் போச்சு." சாண்ட்விச்சை மறுபடி சுற்றி வைத்துவிட்டு, "நீயும் கடைய வித்துட்டுப் போயிடு, க்ளோவிஸ். நான் சொன்னேன்னே போ" என்றார்.

ஜூன் மாதம் கடை முன்னால் விற்பனைப் பலகை வைத்தேன். இதுவரை ஒருவர்கூட நிறுத்தி விலை கேட்கவில்லை.